ஊக்கம் யாருடைய உடைமை?
கெடா தோட்டங்களும் மேலாண்மை இயலும் – ஒரு திறனாய்வு

பெரிய நிறுவனங்களில் பணிபுரிவோர் எதனால் ஊக்கம் பெற்று உழைக்கின்றனர் என்பது மேலாண்மை இயலின் தலையாய வினாக்களுள் ஒன்று. அதற்கு விடை கூறும் நூல்கள் பல. அந்நூற்கருத்துகள் தமிழுக்கு வரும்போது ‘ஊக்குவித்தல்’, ‘ஊக்கமூட்டல்’ என்னும் சொற்கள் ஆளப்படுகின்றன. இரண்டும் பிறவினைச் சொற்கள். உண் என்பதன் பிறவினை ஊட்டு. தானே உண்ணத் தெரியாத குழந்தைக்குத் தாய் ஊட்டுகிறாள். எழுந்து உண்ண இயலாத நோயாளிக்கு உற்றார் ஊட்டுகின்றனர். அங்ஙனமே, தனக்கென ஊக்கம் இல்லாத தொழிலாளிக்கு நிருவாகம் ஊக்கத்தை ஊட்ட வேண்டும் என்னும் எண்ணம் இச்சொல்லோடு சேர்ந்து புகுந்துவிடுகிறது.

திருக்குறளின் 60ஆம் அதிகாரத்தின் பெயர் ‘ஊக்கமுடைமை’ என்பது. அன்புடைமை, அறிவுடைமை, ஒழுக்கமுடைமை என்பவற்றைப் போன்றதே இச்சொல்லமைப்பும். அன்பைப் பிறர் ஊட்ட முடியாது. அஃது உள்ளத்தின் உடைமை. ஊக்கமும் அத்தகையதே என்பது இப்பெயரால் பெறப்படும். அவ்வதிகாரத்தின் முதற்குறள் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஊக்கம் உள்ளவரே ‘உடையவர்’ என்னும் பெயருக்கு உரியர். அஃது இல்லாதவர் வேறு எதைப் பெற்றிருந்தும் உடையவர் ஆகார் என்பது அதன் கருத்து.

ஊக்கம் ஊட்டப்படுவதா, உடைமையா? இவ்விரு பார்வைகளுள் எஃது உண்மையை ஒட்டியது என்பதைக் கொள்கையளவில் மட்டும் ஆராய்ந்தால் போதாது. தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பெருநிறுவன ஆட்சியின்கீழ் உழைத்த ஓரிடத்தில் வைத்து உரைத்துப் பார்க்க வேண்டும். கெடா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் அத்தகைய உரைகல் ஆகும். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய ஊர்களைச் சூழ்ந்திருந்த அத்தோட்டங்கள் பலவற்றின் உரிமையாளர் கடல் கடந்த நாடுகளில் இருந்த பங்குதாரர். மரத்தைச் சீவியவரோ தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவரும் அவர்தம் மக்களும்.

மூவர் கொள்கைகள்

மேலைநாட்டுக் கொள்கைகளுள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் 1911-இல் அறிவியல் மேலாண்மை பற்றிய நூலை வெளியிட்டார். வேலையை ஆராய்ந்து வகுப்பது நிருவாகத்தின் கடமை. வகுத்தபடி செய்வது தொழிலாளியின் கடமை. மிகுதியாகச் செய்பவனுக்கு மிகுதியான கூலி என்பது அவர் நெறி. பெத்லஹேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்பு சுமந்தவர்களை 47½ டன் சுமக்கச் செய்ததாகவும், நாட்கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதாகவும் அவரே கணக்குக் காட்டினார். வேலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலி இரு மடங்குகூட ஆகவில்லை.

ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். உணவு முதலிய உடல் தேவைகள் முதலில், அடுத்துப் பாதுகாப்பு, பின்னர் அன்பும் உறவும், அதன்பின் மதிப்பு, இறுதியில் தன் ஆற்றல் முழுதும் மலர்தல். பிரெடரிக் ஹெர்ஸ்பெர்கும் அவர் துணைவரும் 1959-இல் வெளியிட்ட நூல் வேறொரு பாகுபாட்டைச் செய்தது. கூலி, மேற்பார்வை, பணியிட நிலை ஆகியவை குறைந்தால் மனக்குறை தோன்றும். அவை நிறைந்தால் மனக்குறை நீங்குமேயன்றி ஊக்கம் பிறக்காது. சாதனை, பாராட்டு, பொறுப்பு, வேலையின் இனிமை ஆகியவையே ஊக்கத்தின் ஊற்றுகள் என்றார் அவர்.

மூன்றும் உழைப்பின் பயனாய் எழுந்த கொள்கைகளே. புறக்கணிக்கத் தக்கவை அல்ல. ஆயினும் தோட்டத்து வாழ்வோடு ஒப்பிடும்போது ஒவ்வொன்றிலும் ஒரு குறை புலப்படுகிறது.

பெரட்டும் நிறுப்பும்

டெய்லரின் நூல் வெளிவருவதற்கு முன்பே அவர் கொள்கையின் சாயல் தோட்டத்தில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். இத்தனை மரம் ஒருவருக்கு என்பது கணக்கு. மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் சுமந்து வந்து நிறுப்புக்கு நிற்க வேண்டும். பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்துக் கிராணி புத்தகத்தில் பதிவார். மழை பெய்தால் சீவல் இல்லை. சீவல் இல்லையேல் அன்றையக் கூலியும் பெரும்பாலும் இல்லை.

கங்காணி முறை நிலவிய காலத்தில் ஊக்கத்தொகை என்பதும் இருந்தது. ஆனால் அது சென்றடைந்த இடம் வேறு. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இத்தனை காசு என்று கங்காணிக்கு நாள்தோறும் பணம் கணக்கிடப்பட்டது. காய்ச்சலோடு கிடந்தவனையும் களத்துக்கு இழுத்துவரக் கங்காணிக்கு அது தூண்டுகோல் ஆயிற்று. உழைப்பவனுக்குத் தூண்டுகோல் ஏது? இந்திய அரசாங்கம் 1938-இல் மலாயாவிற்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதைத் தடைசெய்த பின்னரே அம்முறை தன் வலிமையை இழந்தது.

நிறுவனத்தின் கண்ணோட்டம் எத்தகையது என்பதற்குக் கெடாவின் மற்றொரு பக்கத்தையும் நோக்கலாம். கெடா மலேசியாவின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்றது. அந்நெல்லை விளைவித்த மலாய் உழவர் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. அதனால் குடியேற்ற ஆட்சியினர் மலாய் மக்களைச் சோம்பேறிகள் என்று எழுதினர். இத்தகைய பழியைச் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலில் சான்றுகாட்டி மறுத்தார். தன் வயலில் உழைத்தவன் சோம்பேறி எனப்பட்டான். பிறர் தோட்டத்தில் உழைத்த தமிழன் அடங்கி நடப்பவன் எனப்பட்டான். இருவர் உள்ளத்திலும் இருந்த ஊக்கம் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. தனக்குப் பயன்படும் ஊக்கத்தை மட்டுமே அது ஊக்கம் எனக் கொண்டது.

கத்தி முனையில் ஒரு முரண்

எடைக்கு ஏற்ற கூலி நேர்மையான முறை என்றே தோன்றும். சீவல் தொழிலின் நுட்பம் அறிந்தவர் அங்ஙனம் எளிதில் சொல்லமாட்டார். ரப்பர் மரத்தின் பட்டையில், உட்புறத்தை நெருங்க நெருங்கப் பால்குழாய்கள் மிகுதி. ஆழச் சீவினால் இன்றைக்குப் பால் மிகும். ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்படும். காயம் ஆறி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் சீவ வரும்போது கத்தி ஓடாது.

இன்றையக் கூலி ஆழச் சீவு என்கிறது. மரத்தின் நாளைய நலம் மெல்லச் சீவு என்கிறது. இந்த முரணைத் தீர்க்க நிருவாகம் கண்ட வழி, பின்னாலேயே மண்டோரை அனுப்பிக் காயம் எண்ணச் செய்வதாகும். ஒரு கையால் தூண்டுவது. மறு கையால் தண்டிப்பது. எனினும் விடியுமுன் இருளில், தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களிலும் மண்டோர் கூடவே நிற்க முடியாது. அங்கே மரத்தைக் காப்பது சீவுபவரின் கைத்திறமும், ‘இஃது என் நிரை’ என்னும் பற்றுமே. அப்பற்றுக்கு எந்த நிறுப்புத் தட்டிலும் எடை இல்லை. டெய்லரின் கணக்கு தவறும் இடம் இதுவே. வேலையின் அளவை விலைக்கு வாங்கலாம். வேலையின் மேலுள்ள அக்கறையை அவ்வாறு வாங்க இயலாது.

மிதிவண்டியும் மானமும்

மாஸ்லோவின் வரிசையை ஆராய, கெடாவிலிருந்து தெற்கே சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே 1941-இல் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அன்றைய நாட்கூலி அரை வெள்ளி அளவில் நின்றது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்பனவும் அவற்றுடன் இருந்தன. அவற்றோடு மற்றொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பசி தீர்ந்த பின்னரே மதிப்பைத் தேடுவர் என்பது மாஸ்லோவைப் பின்பற்றிய பாடநூல்களின் கூற்று. வரிசை சிலரிடம் மாறக்கூடும் என்று மாஸ்லோ ஒப்புக்கொண்டிருந்தார். பாடநூல்கள் அதை மறந்தன. அரைவயிற்றுக் கூலிக்காரன் கூலியையும் மானத்தையும் ஒரே தாளில் எழுதிக் கேட்டான். சோறு முன்னே, மானம் பின்னே என்று அவன் படிக்கட்டு கட்டவில்லை. மானம் என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியைப் பேசியவர்க்கு இது வியப்பன்று.

கூலியில்லா உழைப்பு

மீண்டும் கெடாவிற்கு வரலாம். ஜப்பானியர் ஆட்சி 1945-இல் முடிந்தது. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களுள் பலர் திரும்பவில்லை, எஞ்சியவரும் நலிந்திருந்தனர். அந்நிலையில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். பகல் முழுதும் மரம் சீவிய இளைஞர், மாலையில் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். இயக்கம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. 1947-இல் காவல்துறையினருடன் மோதல்கள் மூண்டன, உயிரிழப்பும் நேர்ந்தது.

தொண்டர் படையைக் குறையற்றது எனப் போற்ற வேண்டுவதில்லை. குடித்தவரைத் தாமே தண்டிக்கும் கடுமை அதில் இருந்தது. ஆயினும் ஊக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கு அது தரும் சான்று மறுக்க முடியாதது. அடங்கி நடப்பவர், தூண்டினாலன்றி அசையாதவர் என்று எழுதப்பட்ட அதே மக்கள், காசு ஒன்றும் பெறாமல், களைத்த உடலோடு, அடியும் சிறையும் வரும் என்று அறிந்தே மாலைதோறும் ஒன்றுகூடினர். அவர்களிடம் ஊக்கம் இல்லாமல் இல்லை. பெரட்டுக் களத்தில் அதற்கு இடம் இல்லாதிருந்தது. கோயில் திருவிழாவிற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் தம் கூலியில் பிடித்துக் கொடுத்து, விடுமுறை நாளில் உடலுழைப்பும் தந்தவர்கள் அவர்களே என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

ஹெர்ஸ்பெர்கின் கொள்கை இதனை ஓரளவு விளக்கும். பொறுப்பும் சாதனையும் தொண்டர் படையில் கிடைத்தன. தோட்ட வேலையில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஆராய்ந்தவர் பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியாளரும் கணக்கருமாகிய இருநூற்றுவர். மாதச் சம்பளம் உறுதியாக வருவோர் அவர்கள். கூலியால் ஊக்கம் பிறப்பதில்லை என்று அவர்களை வைத்துச் சொன்ன முடிவை, மழை பெய்தால் உலை கொதிக்காத வீட்டின் வாயிலில் நின்று சொல்வது பொருந்தாது. சொன்னால், கூலியை உயர்த்தாமல் பாராட்டுத் தாள் மட்டும் வழங்கும் நிருவாகத்துக்கு அது நல்ல சாக்காகிவிடும். நியாயமான கூலி கொடுப்பது ஊக்குவிப்பு ஆகாது; அது கடன். கடனைத் தீர்ப்பவன் கொடையாளி என்னும் பெயரை எதிர்பார்த்தல் ஆகாது.

பங்கு கிடைத்த இடம்

விடுதலைக்கு முன்னும் பின்னும் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர் துண்டு துண்டாக்கி விற்றனர். தொழிலாளர் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தனர். அந்நெருக்கடியில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சிறு சிறு தவணைகளில் தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டி, துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டமே ஆகும்.

நாட்கூலி பெறுவோரிடம் சேமிப்பு ஏது, தொலைநோக்கு ஏது என்று கேட்டவர்க்குப் பல்லாயிரம் பேர் பங்கு செலுத்தி விடை கூறினர். இங்கே ஊக்கத்தை யாரும் ஊட்டவில்லை. உரிமைக்கு ஒரு வாயில் திறந்தது. உள்ளே இருந்த ஊக்கம் வெளிப்பட்டது.

இதிலும் ஓர் எல்லை உண்டு. பங்குச் சான்றிதழ் பெட்டியில் இருப்பது வேறு. அன்றாட வேலையில் தன் சொல்லுக்கு மதிப்பு இருப்பது வேறு. கூட்டுறவுத் தோட்டமாயினும் மண்டோரும் கிராணியும் பழைய முறையிலேயே நடப்பாராயின், நிரையில் நிற்பவருக்கு மாற்றம் தெரியாது. ஆகவே உரிமை என்பது உடைமைப் பங்கோடு முடிவதன்று. வேலையில் பொறுப்பு, நிறுப்பில் ஒளிவின்மை, குறை சொன்னால் கேட்கும் செவி ஆகியனவும் சேர்ந்ததே உரிமை.

குறள் காட்டும் நெறி

இவ்விடத்தில் குறளின் மற்றோர் அதிகாரம் துணைவருகிறது. 52ஆம் அதிகாரமாகிய தெரிந்து வினையாடல், தேர்ந்தெடுத்தவர்களை வேலையில் ஈடுபடுத்தும் முறையைக் கூறுவது. எவ்வேலையை எவன் எவ்வழியால் முடிப்பான் என்று ஆராய்ந்தபின் அதனை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்கிறது ஒரு குறள். தக்கவன் என்று தெளிந்தால் அவ்வேலையை அவனுக்கே உரியதாக்கிவிட வேண்டும் என்கிறது அடுத்தது. உழைப்பில் ஈடுபட்டிருப்பவனது நெருக்கத்தைத் தவறாக எண்ணுபவனை விட்டுத் திரு நீங்கும் என்கிறது மற்றொன்று. இறுதிக் குறள் மன்னனுக்கு ஒரு கடமையை வகுக்கிறது: வேலை செய்பவன் கோணாதிருந்தால் உலகமும் கோணாது, ஆதலால் அவன் நிலையை மன்னன் நாள்தோறும் நோக்க வேண்டும்.

இவ்வதிகாரம் அரசனுக்கும் அவன் வினையாளர்க்கும் உரியது. தோட்டக் கூலிக்கு அதனை அப்படியே பொருத்தலாமா என்று தமிழாசிரியர் சிலர் ஐயுறலாம். ஐயம் நேரியதே. ஆனால் கருத்து நுட்பமானது. வள்ளுவர் வினையாளனுக்கு ஊக்கத்தை ஊட்டுமாறு அரசனுக்குச் சொல்லவில்லை. அரசன் தர வேண்டியவை நம்பிக்கை, உரிமை, நாள்தோறும் கவனிக்கும் கவனிப்பு ஆகியவை. ஊக்கமுடைமையைத் தனி அதிகாரமாக வைத்துவிட்டு, ஆள்வோன் கடமையை வேறோர் அதிகாரத்தில் வைத்தமை ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஊக்கம் செய்பவனின் உடைமை. உரிமை செய்விப்பவன் தர வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொண்டதே பல நிறுவனங்களின் தவறு.

தொழிற்சாலை வாயிலில்

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீட்டு நிலத்திற்கும் மாறிவிட்டன. எஞ்சியவற்றில் உழைப்போர் பெரும்பாலும் வெளிநாட்டினர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, கூலிம் நகரங்களின் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பெற்றது. கெடாவில் பிறந்த மகாதீர் முகமது தலைமை அமைச்சராயிருந்தபோது, 1982-இல் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்து, ஜப்பானியரின் உழைப்புப் பண்பைப் பின்பற்றுமாறு நாட்டை அழைத்தார். அப்பண்பின் ஒரு கூறு, வேலையைச் செய்பவரே கூடி அமர்ந்து அதன் குறைகளை ஆராய்ந்து திருத்தம் சொல்லும் தரவட்ட முறை. நேரந்தவறாமை, கட்டுப்பாடு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை விட்டுவிட்டால், பெரட்டுக்குப் பதிலாக வருகைப் பதிவுப் பொறி வந்தது என்பதன்றி வேறு மாற்றம் இராது.

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் தொடக்கத் தொகை மாதம் 900 ரிங்கிட். பின்னர் அது பலமுறை உயர்ந்தது. இது வரவேற்கத்தக்கது, பழைய கடன் ஒன்று சட்டத்தால் ஓரளவு தீர்க்கப்பட்டது. ஆயினும் வருகைப்படியும் மிகைநேரப் படியும் பரிசுச் சீட்டும் கணக்கிடும் அலுவலகங்கள், ‘இந்த வேலையில் உன் எண்ணம் என்ன?’ என்று தொழிலாளியைக் கேட்கும் நாள் எத்தனை? கடல் கடந்து வந்து இன்று தோட்டத்தில் உழைக்கும் வங்காளியும் இந்தோனேசியரும் ஒருகாலத்துத் தமிழனின் இடத்திலேயே நிற்கின்றனர். அவர்களைப் பார்த்து ‘தூண்டினாலன்றி அசையாதவர்’ என்று தமிழன் வாயாலேயே சொல் வருமாயின், கெடாவின் வரலாறு வீணாயிற்று என்றே கொள்ள வேண்டும்.

பணியாளர்க்கு ஊக்கமூட்டுவது எப்படி என்னும் வினாவே மாற்றி எழுதப்பட வேண்டிய ஒன்று. அவர்களிடம் உள்ள ஊக்கம் வேலையில் வெளிப்படாமல் தடுப்பது எது என்பதே கேட்கத்தக்க வினா. கடனான கூலி, மானத்துக்கு ஊறின்மை, வேலையில் உரிமை ஆகிய மூன்றும் அமைந்தால் ஊட்டுவாரின்றியே ஊக்கம் எழும். பீடோங்கின் மாலை அணிவகுப்பும் புக்கிட் சீடிமின் பங்குப் பணமும் அதற்குச் சான்று. வகுப்பறையில் ஊக்கமுடைமை அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர், எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. மாணவரின் பாட்டனும் பாட்டியும் அவ்வதிகாரத்திற்கு உரையாக வாழ்ந்தவர்களே.